படம்பிடிக்கும் கணத்தை யார் முடிவு செய்வது?

‘கேமரா படம் எடுத்தது’ என்னும் தொடரில் கேமராவே எழுவாய். ஆயினும் ஆலைகளில் பொருள்களைச் சோதிக்கும் கேமராவுக்கு அந்த எழுவாய்த் தகுதி முழுமையாக உண்டா என்பது ஐயத்திற்குரியது. ஓடு–ஓட்டு, உருள்–உருட்டு எனத் தன்வினை, பிறவினை வேறுபாட்டை மாணவர்க்குக் கற்பிக்கிறோம் அல்லவா? அவ்வேறுபாடு இக்கருவிக்கும் பொருந்தும். தன் உட்கடிகாரத்தின்படி ஓயாது படம் எடுத்துக்கொண்டே இருப்பது ஒரு முறை. புறத்தேயிருந்து ஒரு சமிக்ஞை வரும்வரை காத்திருந்து, அது வந்ததும் ஒரு படம் எடுப்பது மற்றொரு முறை. அச்சமிக்ஞையைத்தான் பொறியாளர் ‘டிரிகர்’ என்கின்றனர்.

இதனைத் ‘தூண்டல்’ என்று பெயர்ப்பது வழக்கம். உயிரியலிலும் தூண்டல் உண்டு. இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் உண்டு. மூன்றும் ஒரே மாணவனின் பையில் இருக்கும் சொற்கள். ஆதலின் ‘தூண்டு சமிக்ஞை’ என்று விரித்துச் சொல்வதே நலம் என்பது என் கருத்து. விளக்குத் திரியை ஏற்றிவிடும் கோலைத் தூண்டுகோல் என்றனர் நம் முன்னோர். கோல் சுடரைப் படைப்பதில்லை. ஆயத்தமாய் இருக்கும் திரியை உரிய நேரத்தில் தொடுகிறது. இச்சமிக்ஞையின் வேலையும் அதுவே.

பானம் நிரப்பும் ஆலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். போத்தல்கள் நகரும் பட்டையில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வருகின்றன. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவைத் தன்போக்கில் ஓடவிட்டால், ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே போத்தல் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு படத்தில் போத்தல் நடுவில் நிற்கும். மற்றொன்றில் பாதி வெட்டுண்டு நிற்கும். இதனைத் தவிர்க்கவே பட்டையின் ஓரத்தில் ஓர் ஒளியுணரியை வைக்கின்றனர். போத்தல் ஒளிக்கற்றையை மறைத்ததும் மின்னழுத்தம் மாறுகிறது. அம்மாற்றமே தூண்டு சமிக்ஞை.

உணரி கேமராவுக்கு 200 மில்லிமீட்டர் முன்னதாக இருந்தால், சமிக்ஞை வந்தபின் 200 மில்லிநொடி தாழ்த்திப் படம் எடுக்க வேண்டும். பட்டையின் வேகம் குறைந்தால் இக்கணக்குப் பிழைக்கும். ஆகவே காலத்தை எண்ணாமல் தொலைவை எண்ணுவது மேலானது: உருளையின் சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றித்தரும் ‘என்கோடர்’ அப்பணியைச் செய்கிறது.

கணினி நிரல்வழியும் கட்டளையிடலாம். ஆனால் கணினிக்கு வேறு வேலைகளும் உண்டு. கட்டளை ஒருமுறை உடனே சேரும், மறுமுறை சற்றுப் பிந்தும். 5 மில்லிநொடி பிந்தினால் போத்தல் 5 மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். அசையாத பொருளுக்கு இது குறையன்று.

ஒளிபடும் நேரமும் இச்சமிக்ஞையிலிருந்தே தொடங்குகிறது. அது 100 மைக்ரோநொடியானால் போத்தல் 0.1 மில்லிமீட்டரே நகரும், உருவம் மங்காது. அவ்வளவு குறுகிய நேரத்திற்குப் போதிய வெளிச்சம் வேண்டுமாதலால், விளக்கையும் அதே கணத்தில் மின்னச் செய்கின்றனர்.

இவற்றினும் கவலைக்குரியது, தவறிப்போகும் சமிக்ஞை. முந்தைய படத்தை முடிக்குமுன் அடுத்த சமிக்ஞை வந்தால், பல கேமராக்கள் அதனைப் பொருட்படுத்தா. ஐம்பத்தொன்றாம் போத்தலுக்குப் படமே இல்லாமற்போக, ஐம்பத்திரண்டாவதன் படம் அதன் கணக்கில் சேரும். அது முதல் ஒவ்வொரு தீர்ப்பும் முன்னே செல்லும் போத்தலின்மேல் விழும். விலக்கும் கை நல்லதைத் தள்ளும். வாய் உடைந்தது பெட்டிக்குள் சென்று, யாரோ ஒருவர் வீட்டு மேசைக்கு வரும். மின்னிரைச்சலால் பொய்ச் சமிக்ஞை எழுந்தாலும் இக்கணக்குக் குலையும். அதனால் குறிப்பிட்ட நேரத்திற்குக் குறைவான துடிப்புகளைப் புறக்கணிக்குமாறு கேமராவை அமைக்கலாம். கவனமுள்ள பொறியாளர் வந்த சமிக்ஞைகளையும் எடுத்த படங்களையும் தனித்தனியே எண்ணவைத்து, இரண்டும் ஒவ்வாதபோது பட்டையை நிறுத்திவிடுவர்.