ஓரா வந்து சேர்ந்த கடல்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் வடக்கே கடலை ஒட்டி சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது பெல்லெக்ரீனோ மலை. அதன் குகைக் கோயிலில் இருப்பவர் புனித ரொசாலியா. இங்கே குடியேறிய ஈழத்தமிழர்கள், சைவர்கள் உட்பட, நேர்த்தி வைத்து இந்த மலை ஏறுவது ஊரறிந்த வழக்கம். ஏறி நின்று பார்த்தால் கீழே விரியும் கடல் அவர்களுடைய பாட்டன் பூட்டன் பார்த்த கடல் அல்ல. ஆனால் இப்போது அதில் வந்து சேரும் மீன்களில் சிலவற்றை அந்தப் பாட்டன்மார் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள்.

அன்று மே, ஜூன் மாதங்களில் இந்தக் கடலுக்கு வந்த விருந்தாளி நீலத்துடுப்புச் சூரை. அட்லாண்டிக்கிலிருந்து ஜிப்ரால்டர் வழியாக முட்டையிட வரும் பெரிய மீன் அது. மலையடிவாரத்து அரெனெல்லா, அடுத்துள்ள வெர்ஜினே மரியா, அப்பால் மொந்தெல்லோ, சோலந்தோ என்று கரை நெடுக அதற்காக வலைக்கூடம் கட்டினார்கள். 'தொன்னாரா' என்பது அதன் பெயர். அறை அறையாகப் பிரித்த வலைக்குள் மீன் கூட்டம் நகர்ந்து நகர்ந்து கடைசி அறைக்கு வரும். அந்த அறைக்குச் சாவு அறை என்றே பெயர். எப்போது வலையைத் தூக்குவது என்று முடிவு செய்பவர் 'ராயிஸ்'. தலைவர் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நம் கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தத் தாளத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்று அரெனெல்லாவில் நிற்பது கட்டடம் மட்டும்தான். 19ஆம் நூற்றாண்டில் வணிகர் வின்சென்சோ ஃப்ளோரியோ கட்டிய, நான்கு கூர்முனைகள் கொண்ட அந்த மாளிகையைப் படமெடுக்கப் பயணிகள் வருகிறார்கள். சிசிலியின் மேற்கே ஃபாவிஞ்ஞானா தீவில் கடைசிச் சூரை வேட்டை நடந்தது 2007இல். மீன் அருகியதற்கு முதற்காரணம் வெயில் இல்லை. நடுக்கடலில் கூட்டத்தோடு வளைத்து அள்ளிய பெருங்கப்பல்கள். சூரை மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு ஆணையம் பிடிக்கும் அளவைக் குறைத்துக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்திய பிறகு சூரை பெருகியது. 2021இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கை வைத்தவர்கள் கையை எடுத்தார்கள், மீன் திரும்பிவிட்டது. வெப்பத்தின் கதை அப்படி இல்லை என்பதுதான் என் கவலை.

அரசர் அரண்மனையின் மாடத்தில் உள்ள பலேர்மோ வானாய்வகம் 1791 முதல் நகரின் வெப்பத்தைக் குறித்துவருகிறது. 2023 ஜூலை 24 அன்று அங்கே பதிவானது 47 டிகிரி. இரண்டு நூற்றாண்டுக் குறிப்பேட்டில் அதற்கு இணையில்லை. அதே நாள் மத்தியதரைக் கடலின் மேல்நீரும் 28.71 டிகிரியைத் தொட்டு, அதுவரை இல்லாத உச்சத்தை எட்டியது. மறுநாள் நகரைச் சூழ்ந்த மலைகள் பற்றி எரிந்தன. விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடினார்கள்.

அந்த மலைகளைப் போன்ற பாறைச் சரிவுகளில்தான் சிசிலிக் கவுதாரி வாழ்கிறது. பலேர்மோவில் வாழ்ந்த பறவையியலாளர் ஜோசப் விட்டேக்கரின் பெயரை அறிவியல் பெயரில் சுமக்கும் பறவை. உலகில் வேறெங்கும் இல்லாத கிளையினம். தரையில் கூடு வைத்துக் குஞ்சு பொரிப்பது. வெயில் வந்தால் வடக்கே போய்க்கொள்ளலாம் என்ற வழி அதற்கில்லை, நாற்புறமும் கடல். 2024இல் வறட்சி வந்தபோது சிசிலியில் மாடு வளர்ப்போர் தீவனமும் தண்ணீரும் இன்றி மாடுகளை விற்றும் அடித்தும் தீர்த்தார்கள். மாட்டுக்காவது நெருக்கடிநிலை அறிவிக்க அரசு இருந்தது.

தோட்டத்துக்கு வருவோம். நம் தென்னந்தோப்பைத் தின்னும் சிவப்புக் கூன்வண்டு, விற்பனைக்குக் கொண்டுவந்த பனைகளுக்குள் ஒளிந்து 2005இல் சிசிலியை அடைந்தது. பலேர்மோவின் சதுக்கங்களிலும் பூங்காக்களிலும் நின்ற கேனரிப் பனைகள் உச்சி சரிந்து, குடை மடங்கியதுபோல ஆயின. குளிர் மிதமான ஊர் வண்டுக்கு வசதியாகப் போயிற்று. மரத்தில் காது வைத்துப் புழு கரம்பும் ஓசையைக் கேட்கத் தெரிந்த பொள்ளாச்சிக்காரர் ஒருவரை அன்றே அழைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

கடலிலும் அதே நிலைமைதான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் செங்கடல் மீன்களுக்கு வாசல் கிடைத்தது. ஆனாலும் நீண்ட காலம் அவை பெரும்பாலும் கிழக்குக் கரையோடு நின்றன. மேற்கே குளிர்காலக் கடல் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. நீர் சூடேற ஏற வேலி தளர்ந்தது. 2013இல் லாம்பெதூசா தீவருகே நச்சுப் பேத்தை, 2016இல் சிசிலியின் தென்கிழக்கே சிங்கமீன் என ஒவ்வொன்றாக வந்தன. ஓரா மீனின் செங்கடல் உறவுகள் இரண்டும் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்துச் சமையலில் ஓராவுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் மத்தியதரைக் கடலின் கிழக்கே அந்தச் செங்கடல் ஓராக்கள் பாறைப் பாசியை ஒட்ட மேய்ந்து, குஞ்சு மீன்கள் ஒதுங்கும் இடங்களை மொட்டையாக்கியிருக்கின்றன. பாசி போனால் அங்கே பிழைத்த உள்ளூர் மீனும் போகும்.

2022இல் இத்தாலிய ஆய்வு நிறுவனங்கள் இந்த நான்கு மீன்களையும் படம் போட்டு மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தன: பேத்தையைச் சமைத்தாலும் நஞ்சு போகாது, ஓராவின் முள்ளும் சிங்கமீனின் முள்ளும் குத்தினால் கடுக்கும், கண்டால் படமெடுத்துத் தெரிவியுங்கள். பலேர்மோ மீனவருக்கு இது சுவரொட்டியில் படிக்கும் புதுப்பாடம். பல்லாரோ சந்தைப் பக்கத்துத் தமிழ் வீட்டில், பருத்தித்துறையில் பிறந்த அம்மம்மா ஒருவர் இருந்தால், ஓராவின் முள்ளை எங்கே பிடித்து எப்படி வெட்டுவது என்று கைப்பிடித்தே காட்டிக்கொடுப்பார்.