தேதி குறிக்கும் கை
தேர்வுகளின் கதை – 11

ஒரே நாள், ஒரே மணி, ஒரே வினாத்தாள். பொதுத்தேர்வில் ஆணென்றும் பெண்ணென்றும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள், இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ தேர்வைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் இந்தத் தேர்வு மே மாதம் தொடங்கி ஜூன் வரை நீளும். ஆண்கள் கால்பந்தின் உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் இரண்டாண்டு இடைவெளியில் மாறி மாறி வருபவை. வழக்கமாக அவற்றுக்கும் ஜூன்தான் மாதம். 2014 உலகக் கோப்பை ஜூன் 12 அன்று தொடங்கியது. 2016 ஐரோப்பியக் கோப்பை ஜூன் 10, 2018 உலகக் கோப்பை ஜூன் 14.

ராபர்ட் மெட்கால்ஃப், சைமன் பர்கெஸ், ஸ்டீவன் பிரவுட் என்ற மூன்று ஆய்வாளர்கள், கோப்பை நடந்த ஆண்டுகளின் மதிப்பெண்களை நடக்காத ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். ஐந்து பாடங்களிலாவது ‘சி’ கிரேடு வாங்குவது அன்றைய அளவுகோல். கோப்பை ஆண்டுகளில் அதை எட்டுவதற்கான வாய்ப்பு விகிதம் 12 சதவீதம் குறைந்திருந்தது. கால்பந்தில் ஆர்வம் மிகுந்திருக்கும் என்று அவர்கள் கணித்த ஏழை வெள்ளையின ஆண் பிள்ளைகளிடம் சரிவு 28 சதவீதம். ஏற்கெனவே கடைசி வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்தான். ஜிசிஎஸ்இ வந்த 1988 முதலே மாணவிகள் முந்திக்கொண்டிருக்க, பின்தங்கியவர்களை இன்னும் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது அட்டவணை.

“டிவியை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மன உறுதியும் தேர்வில் ஒரு பாடம் என்றால், அந்தத் தாளை எல்லோருக்கும் அல்லவா கொடுக்க வேண்டும்? பந்தில் மனம் போகாத பிள்ளைக்கு அந்தச் சோதனையே இல்லை. இருவரின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் அறிவு இவ்வளவு, அவர் அறிவு இவ்வளவு என்று முத்திரை குத்துகிறோம்.

தேதியை நகர்த்த முடியாது என்பதும் இல்லை. 2016-இல் ரமலான் நோன்பு ஜூன் தொடக்கத்தில் வந்தபோது, அதிகம் பேர் எழுதும் பாடங்களை இயன்றவரை அதற்கு முன்பே வைக்கத் தேர்வு வாரியங்கள் முயன்றன. கத்தாரின் வெயிலுக்காக 2022-இல் உலகக் கோப்பையே நவம்பருக்குப் போனது. கோப்பைத் தேதிகள் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே தெரிபவை. மோதும் ஆண்டுகளில் மட்டும் முக்கியமான தாள்களை முன்னால் கொண்டுவரலாம். பாடம் நடத்தும் நாட்கள் சில குறையும்; அந்தச் செலவு உண்மைதான். ஆனால் அதை இருபாலாரும் சமமாகப் பகிர்ந்துகொள்வார்கள். இப்போதைய செலவை ஒரு தரப்பே அதிகம் சுமக்கிறது. மாணவிகளிடமிருந்து மட்டும் எதையும் பறிக்காத மாற்றம் இது என்பதால், இதை ஆண்களுக்கான சலுகை என்று ஒதுக்கவும் முடியாது.

மாணவிகளுக்கும் இந்த அட்டவணையோடு ஒரு வழக்கு உண்டு. மாதவிடாய் வலியோடு தேர்வறைக்குள் நுழைபவருக்கு விதிகள் என்ன தருகின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)