டீ விற்ற கம்பெனி கம்ப்யூட்டர் செய்தது!

ஓட்டலுக்குப் போகிறோம். சாப்பிடுகிறோம். கல்லாவில் இருப்பவர் பொத்தானைத் தட்டுகிறார். "கிர்" என்று பில் வருகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறோம். இன்று இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால், வியாபாரக் கணக்குப் போட உலகிலேயே முதன் முதலாகக் கம்ப்யூட்டரை வேலைக்கு வைத்தது யார் தெரியுமா?

பாங்கி அல்ல. ரெயில்வே அல்ல. சர்க்காரும் அல்ல. லண்டனில் டீயும் பன்னும் விற்ற ஓட்டல் கம்பெனி!

அந்தக் கம்பெனியின் பெயர் "லயன்ஸ்."

இரவல் பெயர்

லயன்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர்கள் சுருட்டு வியாபாரிகள். அவர்களில் ஒருவர் மான்டேகு குளுக்ஸ்டீன். வியாபார விஷயமாக ஊர் ஊராகச் சுற்றியவர். போன இடங்களில் நல்ல டீ கிடைக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடச் சுத்தமான இடமும் இல்லை. "நாமே ஏன் நடத்தக்கூடாது?" என்று நினைத்தார்.

வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கடை நடத்துவது கவுரவக் குறைவு என்று கருதினார்கள். "நடத்து. ஆனால், நம் பெயரைப் போடாதே!" என்றார்கள். ஆகவே, ஜோசப் லயன்ஸ் என்ற தூரத்து உறவினரைச் சேர்த்துக்கொண்டு, அவர் பெயரை வைத்தார்கள்.

1887-ம் ஆண்டு நியூகாசில் நகரில் நடந்த பொருட்காட்சியில் டீ விற்றார்கள். நல்ல பெயர் கிடைத்தது. 1894-ல் லண்டன் பிக்காடில்லி வீதியில் முதல் கடையைத் திறந்தார்கள்.

கடை என்றால் நின்றுகொண்டு குடிக்கும் கடை அல்ல. மேஜை, நாற்காலி போட்டுப் பரிமாறும் சிற்றுண்டிச் சாலை. முகப்பில் வெள்ளையும் தங்க நிறமும் மின்னும். பெண்கள் ஆண் துணை இல்லாமல் வந்து, அச்சமின்றி உட்கார்ந்து டீ குடிக்கலாம். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

எந்தக் கிளைக்குப் போனாலும் அதே முகப்பு. அதே ருசி. கறுப்பு உடை, வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள் பரிமாறினார்கள். அவர்களுடைய சுறுசுறுப்பைப் பார்த்து, 1920-களில் "நிப்பி" என்று செல்லப் பெயர் வந்தது.

கேக்கும் ரொட்டியும் அந்தந்தக் கடையில் செய்வதில்லை. லண்டனில் "கேட்பி ஹால்" என்ற இடத்தில் பெரிய சமையல் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து வண்டி வண்டியாகக் கடைகளுக்குப் போகும்.

பென்னிக் கணக்கு

வியாபாரம் பெருகியது. கடைகள் 200-ஐத் தாண்டின. தொழிலாளர்கள் சுமார் 30 ஆயிரம் பேர்.

இங்கேதான் சிக்கல். ஒரு கோப்பை டீயில் வரும் லாபம் மிகச் சொற்பம். ஆனால், அதற்கும் சீட்டு எழுத வேண்டும்; கூட்ட வேண்டும்; சரிபார்க்க வேண்டும். லட்சக்கணக்கான சீட்டுகள்! கிடைத்த லாபத்தைக் கணக்கு எழுதும் செலவே விழுங்கிவிடும்போல் இருந்தது.

1923-ல் ஜான் சிம்மன்ஸ் என்ற கணித மேதையைக் கம்பெனி வேலைக்கு அமர்த்தியது. அவர் எடுத்த எடுப்பில் எந்திரம் வாங்கச் சொல்லவில்லை. "இந்தச் சீட்டு எதற்கு? இதை யார் படிக்கிறார்கள்? இது இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்டார். வேண்டாத வேலைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். இப்படியே 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடின.

அமெரிக்காவில் கிடைத்த தகவல்

1947-ல் தாம்சன், ஸ்டாண்டிங்போர்டு என்ற இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே ராணுவக் கணக்குகளுக்காகச் செய்யப்பட்ட "மின்னணு மூளை" பற்றி விசாரித்தார்கள். பிரின்ஸ்டன் நகரில் கோல்ட்ஸ்டைன் என்ற விஞ்ஞானியைச் சந்தித்தார்கள். அவரோ, "உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் ஒருவர் இந்த எந்திரம் செய்துகொண்டிருக்கிறாரே!" என்றார்.

ஊர் திரும்பியதும் கேம்பிரிட்ஜுக்கு ஓடினார்கள். அங்கே வில்க்ஸ் என்ற விஞ்ஞானி எந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு 3 ஆயிரம் பவுண்டு கொடுத்து உதவியது லயன்ஸ். 1949 மே மாதம் அந்த எந்திரம் ஓடியது. உடனே, "நமக்கும் ஒன்று செய்வோம்" என்று லயன்ஸ் இறங்கியது. பிங்கர்ட்டன் என்ற என்ஜினீயர் எந்திரத்தைக் கட்டினார். அதற்கு என்ன வேலை கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று டேவிட் காமினர் திட்டம் வகுத்தார்.

எந்திரத்தின் பெயர் "லியோ." லியோ என்றால் சிங்கம்!

பெரிய கூடம் ஒன்றை அடைத்துக்கொண்டு நின்றது அந்தச் சிங்கம். அதில் சுமார் 6 ஆயிரம் வால்வுகள். ஞாபக சக்திக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்கள். 1951 நவம்பரில், தயாரான ரொட்டி, கேக் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டது. உலகில் கம்ப்யூட்டர் செய்த முதல் அன்றாட வியாபார வேலை அதுதான்.

அடுத்து சம்பளக் கணக்கு. ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட, கைதேர்ந்த குமாஸ்தாவுக்கு 8 நிமிடம் பிடிக்கும். லியோவுக்கு 1½ வினாடி! போர்டு மோட்டார் கம்பெனியும் தன் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கை லியோவிடம் கொடுத்து வாங்கியது.

நாளைக்கு எத்தனை பன்?

லியோ செய்த வேலைகளில் இல்லத்தரசிகளுக்கு நன்றாகப் புரியக்கூடியது ஒன்று உண்டு.

நாளைக்கு எவ்வளவு சமைப்பது? அதிகமானால் வீண். குறைந்தால் வந்தவர் பசியோடு திரும்புவார். ஒரு வீட்டுக்கே இந்தக் கவலை. இத்தனை கடைகளுக்கு எப்படி இருக்கும்! ஒவ்வொரு கடையையும் நடத்தும் பெண்மணி, தினமும் நீண்ட பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

1954-ல் இது மாறியது. திங்களுக்கு இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான அளவைக் குறித்து வைத்தார்கள். தினமும் தலைமை ஆபீசிலிருந்து கடைக்கு டெலிபோன் வரும். மாற்றம் இருந்தால் மட்டும் அந்தப் பெண்மணி சொன்னால் போதும். "பன் கொஞ்சம் குறையுங்கள். கேக்கைக் கூட்டுங்கள்." அவ்வளவுதான்!

கேட்கிறவர் அப்போதே அட்டையில் துளை போடுவார். அட்டைகள் லியோவுக்குப் போகும். எல்லாக் கடைகளின் தேவையையும் கூட்டி, எதை எவ்வளவு செய்வது, எந்தக் கடைக்கு எவ்வளவு கட்டுவது என்று லியோ அச்சடித்துக் கொடுத்துவிடும். மறுநாள் சரக்கு கடைக்கு வந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கூட்டிப் பெருக்கியது எந்திரம். ஆனால், வாசலில் கூட்டம் குறைந்ததையும், வாடிக்கைக்காரர் முகம் சுளித்ததையும் பார்த்து, "நாளைக்குக் குறையுங்கள்" என்று சொன்னவர் அந்தப் பெண்மணிதான். அவர் வேலையை எந்திரம் பறிக்கவில்லை. எழுதும் பாரத்தைக் குறைத்து, வாடிக்கைக்காரரைக் கவனிக்க நேரம் கொடுத்தது.

சிங்கம் எங்கே?

1954-லேயே, கம்ப்யூட்டர் செய்து விற்கத் தனிக் கம்பெனி தொடங்கியது லயன்ஸ். பெரிய நிறுவனங்களோடு போட்டியிட ஏராளமான பணம் வேண்டியிருந்தது. 1963-ல் அந்தக் கம்பெனியை வேறொரு நிறுவனத்துடன் இணைத்துவிட்டார்கள்.

டீக்கடைகள் என்ன ஆயின? மக்களின் பழக்கம் மாறியது. சட்டென்று சாப்பிட்டுப் போகும் கடைகளை விரும்பினார்கள். லயன்ஸ் கம்பெனியே 1954-ல் "விம்பி" என்ற பெயரில் அத்தகைய கடையைத் திறந்தது. பழைய டீக்கடைகளோ ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1970-களில் பிற நாடுகளில் கம்பெனிகள் வாங்க, அந்த நாட்டுப் பணத்தில் கடன் வாங்கினார்கள். இங்கிலாந்து நாணயத்தின் மதிப்பு விழுந்ததும் கடன் ஊதிப் பெருத்தது. 1978-ல் லயன்ஸ் கம்பெனியே கை மாறியது.

லியோ கணக்கில் பிசகவில்லை. பன் எத்தனை என்று சரியாகச் சொன்னது. "இவர்கள் இன்னும் பன்தான் கேட்பார்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அதன் வேலை அல்ல. அது முதலாளியின் வேலை.

இன்று சின்ன ஓட்டலிலும் பில் எந்திரம் இருக்கிறது. கைபேசியில் ஆர்டர் வருகிறது. நல்லதுதான். ஆனால், ஓட்டல் நடத்துகிறவர் தினமும் ஒரு தடவையாவது கல்லாவை விட்டு எழுந்து, இலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை எந்த எந்திரமும் தானாகப் போடாது!