களஞ்சியத்திலிருந்து குழுவுரையாடலுக்கு: வெப்ஹுக் அறிவிப்பின் இயங்குமுறை

கொழும்பு புதுக்கடையில் வழக்காளி ஒருவர் தம் வழக்கின் நிலையறிய நாள்தோறும் நீதிமன்றப் படியேறுவது ஒருமுறை. அழைப்பாணை அவர் வாசலுக்கே வந்துசேர்வது மற்றொருமுறை. மூலநிரற் களஞ்சியத்தில் மாற்றம் நேர்ந்ததா என ஓயாது வினவுதல் முன்னையது. மாற்றம் நேர்ந்ததும் களஞ்சியமே செய்தி விடுத்தல் பின்னையது. இதனையே 2007 இல் ஜெஃப் லின்ட்சே 'வெப்ஹுக்' எனப் பெயரிட்டு விளக்கினார்.

இது வசதி பற்றிய விடயம் மட்டுமன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய 'சகானா' மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்தது. அத்தகைய நிரலைப் பலர் ஒருங்கே திருத்துமிடத்து, ஒருவரது பிழையை ஏனையோர் அறியாதிருப்பின், அதன் விளைவு உறவினரைத் தேடுவோர் தலையிலேயே விழும். பின்னாளில் சகானா ஈடனின் மூலநிரல் கிட்ஹப்பில் வைக்கப்பட்டது. கிட்ஹப்பையும் ஸ்லாக்கையும் கொண்டே முறையை விளக்குவோம்.

களஞ்சிய அமைப்புப் பகுதியில் பெறுமுகவரி, இரகசியச்சொல், அறிவிக்கவேண்டிய நிகழ்வுகள் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். ஸ்லாக் வழங்கும் முகவரியை அங்கே நேரே இட்டுவிட்டு, செய்தி வரவில்லையே என மயங்குவோர் பலர். கிட்ஹப் விடுக்கும் ஜேசன் பொதியின் வடிவம் வேறு. ஸ்லாக் எதிர்பார்க்கும் வடிவம் வேறு. ஆதலின், இடையே மொழிபெயர்ப்பாளன் போன்ற சிறு நிரலொன்று வேண்டும். (ஆயத்தமான இணைப்புச் செயலியும் உண்டு, எனினும் உள்ளியக்கத்தை அறிதலே நம் நோக்கம்.)

அவ்விடைநிரல் முதற்கண் ஒப்பத்தைச் சோதித்தல் வேண்டும். கிட்ஹப், இரகசியச்சொல்லைக் கொண்டு பொதி முழுவதற்கும் எஸ்எச்ஏ-256 முறையிற் கணித்த ஒப்பத்தைத் தலைப்பில் இணைத்தனுப்பும். நாமும் அவ்வாறே கணித்து ஒப்பிட்டு, பொருந்தாததைத் தள்ளுதல் வேண்டும். இன்றேல், முகவரியறிந்த எவரும் பொய்ச்செய்தி புகுத்தலாம். ஸ்லாக் முகவரியோ தானே இரகசியம். அதனைப் பொதுக் களஞ்சியத்தில் எழுதிவைத்தல், நொத்தாரிசு தம் முத்திரையைத் தெருத்திண்ணையில் விட்டுச்செல்வதை ஒக்கும்.

எவற்றை அறிவிப்பது என்பதில் எமது கருத்து வேறானது. ஒவ்வொரு சிறு திருத்தமும் உரையாடலில் வந்து விழுமாயின், அது தோழமைக்கன்றிக் கண்காணிப்புக்கே உதவும்; சின்னாளில் எவரும் வாசியார். முதன்மைக் கிளையில் இணைந்த மாற்றம், தோல்வியுற்ற சோதனை ஆகியன போதும்.

பெறுவோன் 10 விநாடிக்குள் மறுமொழி தராவிடின், கிட்ஹப் அவ்விடுகையைத் தோல்வியெனக் கொள்ளும். தானாக மீள அனுப்பாது. எனவே, பொதியைப் பெற்றதும் ஏற்பினை உடன் அறிவித்து, ஏனைய வேலையைப் பின்னர்ச் செய்தலே தக்கது. தவறியவற்றை விடுகைப் பதிவிற் கண்டு, 3 நாளுக்குள் நாமே மீள அனுப்பலாம்.