பட்டனை அழுத்துமுன் படியுங்கள்!

பிட்காயின் போன்ற மின்பணத்தைக் கையால் தொட முடியாது. அதைச் செலவழிக்க ஒரு ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவியைக் காக்கும் சிறு கருவிதான் "ஹார்டுவேர் வாலட்".

கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி, பிரவுசர் வழியாக இணையதளத்துடன் இணைப்பார்கள். அப்போதும் சாவி வெளியே வராது. பட்டனை அழுத்தினால் கருவி உள்ளேயே கையெழுத்திடும்.

பிறகு திருட்டு எப்படி?

6 லட்சம் டாலர்

2023 டிசம்பர் 14-ந் தேதி. பிரான்சு நாட்டு "லெட்ஜர்" கம்பெனியின் முன்னாள் ஊழியர் ஒருவரைத் திருடர்கள் ஏமாற்றினார்கள். வாலட்டை இணையதளங்களோடு இணைக்கும் புரோகிராமில் விஷத்தைக் கலந்தார்கள். சில மணி நேரத்தில் சுமார் 6 லட்சம் டாலர் பறிபோயிற்று!

கருவி உடையவில்லை, சாவியும் களவு போகவில்லை. கம்ப்யூட்டர் திரை காட்டிய பொய்யை நம்பிச் சம்மதம் கொடுத்தவர்களே பணத்தை இழந்தார்கள்.

என்ன செய்யலாம்?

இணையதள முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போகாதீர்கள். யாருக்கு, எவ்வளவு போகிறது என்பதைக் கருவியின் சின்னத் திரையில் படியுங்கள். புரியவில்லையா? பட்டனை அழுத்தாதீர்கள்.

கருவி தொலைந்தால் சாவியை மீட்க 12 அல்லது 24 சொற்கள் தரப்படும். அவற்றைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள். பிரவுசரில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பூட்டு நல்ல பூட்டுதான். திறந்துவிடும் கை நம்முடையதாக இருக்கக் கூடாது!