வீட்டு லினக்ஸ் வழங்கி

வீட்டு லினக்ஸ் வழங்கி என்பது, ஒரு வீட்டிலுள்ள கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் கோப்புச் சேமிப்பு, அச்சுப்பொறிப் பகிர்வு முதலிய சேவைகளை அளிக்கும் பொருட்டு லினக்ஸ் இயங்குதளத்தில் இடையறாது இயங்கும் கணினி ஆகும். லினக்ஸ் கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் வன்பொருளுக்கும் மின்சாரத்துக்குமே.

வன்பொருளும் மின்செலவும்

பயனற்றுக் கிடக்கும் பழைய மேசைக்கணினியை வழங்கியாக மாற்றுவது பரவலான வழக்கம். திரையும் விசைப்பலகையும் நிறுவும்போது மட்டுமே தேவை, பின்னர் எஸ்.எஸ்.எச். வழியாக வேறொரு கணினியிலிருந்தே அதனை நிர்வகிக்கலாம். எனினும் இலவசமாகக் கிடைத்த கணினி மலிவானது என்று கொள்ளலாகாது. 80 வாட் எடுக்கும் கணினி இரவு பகலாக இயங்கினால் 30 நாட்களில் 57.6 யூனிட் மின்சாரம் செலவாகும். 5 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு 3.6 யூனிட் போதும்.

2004 இல் வெளிவந்த லிங்க்சிஸ் என்.எஸ்.எல்.யு.2 என்னும் சேமிப்புக் கருவியில் 32 மெகாபைட் நினைவகமே இருந்தது. அதிலும் ஆர்வலர்கள் டெபியன் வழங்கலை நிறுவி வழங்கியாகப் பயன்படுத்தினர். 2012 இல் ராஸ்ப்பெரி பை 35 டாலர் விலையில் வெளியானது. அதன் தொடக்க மாதிரிகளில் வலைப்பின்னல் இணைப்பும் யு.எஸ்.பி. துறைகளும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொண்டதால் கோப்புப் பரிமாற்றம் மெதுவாகவே நடந்தது. 2019 இல் வந்த நான்காம் மாதிரியில் இக்குறை நீங்கியது.

அமைத்தல்

வழங்கியின் முகவரி மாறிக்கொண்டிருந்தால் பிற கருவிகளால் அதனைக் கண்டறிய இயலாது. ஆகவே திசைவியில் அதற்கென 192.168.1.10 போன்ற ஒரு முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிர, ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 இல் எழுதத் தொடங்கிய சம்பா பயன்படுகிறது. சம்பாவை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுதல் கூடாது. பகிர்ந்த கோப்புறையில் எழுத முடிந்த எவரும் தம் நிரலை வழங்கியிலேயே இயக்க வழிவிட்ட வழு ஒன்று 2017 இல் அதில் கண்டறியப்பட்டது.

காப்பு நகல்

வீட்டின் ஒளிப்படங்கள் யாவும் ஓரிடத்தில் சேர்வது வசதிதான். அவை ஒருசேர அழியும் வாய்ப்பும் அதனாலேயே உண்டாகிறது. இரு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 முறையைப் பலர் காப்பு நகல் எனக் கருதுவது பிழை. அம்முறை வன்தட்டுப் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் உடனே மறைந்துவிடும். டிரிட்ஜெல்லும் பால் மெக்கராசும் 1996 இல் வெளியிட்ட ஆர்சிங்க், மாறிய பகுதிகளை மட்டும் படியெடுப்பதால் வேகம் குறைந்த கணினிக்கும் ஏற்றது. படியெடுத்தபின் அவ்வன்தட்டைக் கழற்றி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அவ்வப்போது சில கோப்புகளை அதிலிருந்து மீட்டுத் திறந்து பார்ப்பதும் தேவை.