இடுப்பெலும்பைத் தேடும் பட்டை

காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சீட் பெல்ட்டை ஒருமுறை நிதானமாக இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் வந்துகொண்டே இருக்கும். அடுத்து வெடுக்கென்று இழுங்கள். பாதியில் நின்றுவிடும், மல்லுக்கட்டினாலும் அசையாது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மறுபடி இளகும்.

இந்த வித்தைக்கு மின்சாரம் தேவையில்லை. கதவை ஒட்டிய தூணுக்குள் பெல்ட்டைச் சுற்றி வைத்திருக்கும் உருளை ஒன்று உண்டு. அது சட்டென்று வேகமாகச் சுழன்றால், அதிலுள்ள சிறு நாக்கு வெளிப்பக்கம் வீசப்பட்டுப் பல்லில் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, பல கார்களில் அதே பெட்டிக்குள் ஒரு குழியில் சின்ன உலோகக் குண்டும் உட்கார்ந்திருக்கும். கார் திடீரென்று வேகம் இழக்கும்போது குண்டு உருண்டு, மேலே இருக்கும் நெம்பை உயர்த்தும். நெம்பு பற்சக்கரத்தைப் பூட்டும். கொடைக்கானலில் செங்குத்தான சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் வர மறுத்தால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். சரிவில் குண்டு உருண்டிருக்கும், அவ்வளவுதான்.

பிடித்து நிறுத்துவது பெல்ட்டின் வேலையில் பாதி. எந்த எலும்பைப் பிடித்து நிறுத்துவது என்பதுதான் மீதிப் பாதி. நாம் பெல்ட் போடும் லட்சணத்தில் அந்த மீதிப் பாதிதான் அடிபட்டுப் போகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நம் ஊர்ச் சாலையில் யாருமே வேகம் என்று சொல்லாத வேகம். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மோதும்போது காரின் முன்பகுதி நசுங்குகிறது. நசுங்க வேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். 60 சென்டிமீட்டர் நசுங்குவதாக வைத்துக்கொள்வோம். பெல்ட்டால் காரோடு பிணைக்கப்பட்டவருக்கும் நிற்பதற்கு அந்த 60 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அவர் உடல்மேல் வரும் விசை சராசரியாக அவரது எடையைப் போலப் பதினாறு மடங்கு. பெல்ட் போடாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது. கார் நசுங்கி நிற்கும் அந்த நூறு மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்தில், அவர் மட்டும் இன்னும் 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருப்பார். ஸ்டீயரிங்கோ டேஷ்போர்டோ அவரை ஐந்தாறு சென்டிமீட்டருக்குள் நிறுத்தும். விசை பத்து மடங்கு கூடிவிடும்.

பதினாறு மடங்கை உடம்பு தாங்குமா? தாங்கும், முறையாகக் கட்டியிருந்தால். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் பால் ஸ்டாப் இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவின் ஹாலோமன் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, 1.4 விநாடியில் நின்றார். உச்சத்தில் 46 மடங்கு விசை. கண்ணின் ரத்தநாளங்கள் வெடித்துச் சிறிது நேரம் பார்வை போனது, திரும்பியும் வந்தது. வலுவான வார்கள் அவரை இருக்கையோடு சேர்த்து இறுக்கியிருந்தன. அப்புறம் அவர் கையில் எடுத்த விவகாரம் கார். விமானப்படை தன் ஆட்களை விமானத்தில் மட்டுமா இழக்கிறது, சாலையிலும்தான் இழக்கிறது என்று சொல்லி, கார்களில் பெல்ட் வேண்டுமென ஊர் ஊராக வாதாடினார்.

ஆனால் ஸ்டாப் மாதிரி ஏழெட்டு வார்களைப் பூட்டிக்கொண்டு மளிகை வாங்கப் போக முடியாது. அதற்கு விடை கண்டவர் சுவீடன்காரர் நில்ஸ் போலின். சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை ஆபத்து நேரத்தில் இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் கருவியை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 1958-இல் வால்வோ அவரை அழைத்து, ஆட்களை உள்ளேயே வைத்திருக்கும் வேலையைக் கொடுத்தது! அதுவரை இருந்த பெல்ட்டுகளில் சில வயிற்றின் குறுக்கே மட்டும் போயின. சில மார்பின் குறுக்கே மட்டும். சிலவற்றில் பக்கிள் விலா எலும்புக்கடியில் வந்து உட்கார்ந்து, மோதலில் அதுவே ஈரலையும் மண்ணீரலையும் பதம் பார்த்தது. போலின் ஒரே பட்டையைத் தோளிலிருந்து இறக்கி, இடுப்புக்குப் பக்கத்தில் தாழ்வான ஓரிடத்தில் பூட்டி, அங்கிருந்து மடிக்குக் குறுக்கே கொண்டுபோனார். பூட்டுவதற்கு ஒரு கை போதும். விசை மொத்தமும் காறை எலும்பு, மார்புக்கூடு, இடுப்பெலும்பு ஆகியவற்றில்தான் இறங்கும். 1959-இல் இந்தப் பெல்ட் பொருத்திய கார்கள் விற்பனைக்கு வந்தன. காப்புரிமை வால்வோவிடம் இருந்தும், மற்ற கார் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தத் தடை சொல்லவில்லை.

இடுப்பின் முன்பக்கம் கைவைத்துத் தடவினால் இரண்டு பக்கமும் எலும்பு முனை தட்டுப்படும். மடிப்பட்டை அந்த முனைகளுக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில் படிய வேண்டும். தொப்பைக்கு மேல் போட்டுக்கொள்வது சௌகரியம்தான். ஆனால் மோதும்போது பட்டை எலும்பைவிட்டு நழுவி, குடல் இருக்கும் மெத்தென்ற பகுதிக்குள் பாயும். சீட்டைப் படுக்கையாகச் சாய்த்துத் தூங்குபவர், டேஷ்போர்டில் கால் நீட்டுபவர், அடியில் தலையணை போட்டு உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் இதே கதிதான். பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவார்கள். கர்ப்பிணிகள் பெல்ட் போடலாமா என்று கேட்பதுண்டு. போட வேண்டும். மடிப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தோளுக்கான பட்டை மார்புகளுக்கு நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில்.

தோளுக்கான பட்டையைக் கக்கத்துக்கடியில் விட்டுக்கொள்வதும், முறுக்கிக்கொண்ட பட்டையை அப்படியே பூட்டுவதும் இன்னும் மோசம். ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலத்தில் பரவ வேண்டிய விசை, முறுக்கினால் கயிற்றளவு இடத்தில் இறங்கும். கக்கத்துக்கடியில் போனால் அடிவிலா முறியும். தொளதொளப்பும் ஆகாது. பட்டை எத்தனை சென்டிமீட்டர் தளர்ந்திருக்கிறதோ, காரோடு சேர்ந்து நிற்கக் கிடைக்கும் தூரத்தில் அத்தனையும் வீண். அதனால்தான் இன்றைய கார்களில் மோதிய சில மில்லிவிநாடிகளிலேயே சின்ன வெடிமருந்து வெடித்து பெல்ட்டைச் சுண்டி இழுக்கிறது. இழுத்த கையோடு, விசை அளவு மீறினால் உருளைக்குள் இருக்கும் உலோகத் தண்டு தானே முறுக்கிக்கொண்டு பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. முதலில் இறுக்கிப் பிடி, அப்புறம் அளந்து விடு. கண்ணிமைப்பதற்குள் இரண்டும் முடிந்துவிடும்.

இவ்வளவு நுட்பத்தையும் நாம் பீப் சத்தம் கேட்காமலிருக்க ஒரு கொக்கியைச் செருகிச் சமாளிக்கிறோம். அந்தப் போலிக் கொக்கிகளை விற்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. பின்சீட்டுக்கு அந்தக் கொக்கிகூடத் தேவைப்படுவதில்லை. புதுக்கார் வாங்கிய கையோடு சீட் கவர் போடுகிறோம். பின்சீட்டு பக்கிள் மூன்றும் ரெக்சினுக்கடியில் புதைந்துபோகின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பாதுகாப்பைப் போர்த்தி மூடுகிற வேலை இது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த, ஏர்பேக்குகள் நிறைந்த கார். அவர் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார் என்று போலீசார் தெரிவித்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் கட்டாமல் இருப்பவர் தனக்கு மட்டும் எமனாவதில்லை. முன்சீட்டின் முதுகில் போய் மோதி அதிலிருப்பவரையும் நசுக்குவார்.

இனி குழந்தைகள். பெல்ட் தேடும் அந்த இடுப்பெலும்பு முனை, சின்னக் குழந்தைக்கு இன்னும் சரியாக உருவாகியிருக்காது. பட்டையைப் பிடித்து வைக்க மேடே இல்லை. பெரியவர்களின் பெல்ட்டைப் போட்டால் மடிப்பட்டை வயிற்றிலும் தோளுக்கான பட்டை கழுத்திலும்தான் வரும். அதனால் குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும். நம் வழக்கமோ மடி. "என் கையைவிடவா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி பத்திரம்?" என்று கேட்கிற பாட்டிக்குக் கணக்குதான் பதில்: மேலே சொன்ன அதே மோதலில் 10 கிலோ குழந்தை 160 கிலோவாகக் கனக்கும். பின்னாளில் டெல்லி ஐ.ஐ.டி.யில் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கே தன்னைக் கொடுத்த தினேஷ் மோகன், லாரன்ஸ் ஷ்னைடருடன் சேர்ந்து இதை அளந்தே பார்த்தார். பெரியவர்களின் அணைப்புக்கு எவ்வளவு வலு என்பதுதான் 1979-இல் வெளியான அந்த ஆய்வின் கேள்வி. ஓரளவு பலமான மோதலிலேயே கை விட்டுவிடும் என்பது விடை. தாயும் பெல்ட் போடாமலிருந்தால் குழந்தை அவருக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் சிக்கும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டாலும் தாயின் எடை முழுக்கக் குழந்தைமேல்தான் இறங்கும்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால்வாசி தலை. பெரியவர்களுக்கு ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். அவ்வளவு பெரிய தலையை, இன்னும் கெட்டிப்படாத கழுத்து சுமக்கிறது. முன்னோக்கி உட்கார வைத்துக் கட்டினால், மோதலில் உடம்பு நின்றுவிடும். தலை மட்டும் பாயும். சுவீடனின் பெர்டில் ஆல்ட்மன் இதற்கான யோசனையை விண்வெளியிலிருந்து எடுத்தார். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் விசையை முதுகில் வாங்கும்படி படுத்திருப்பதைக் கவனித்து, 1960-களின் நடுவில் பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை உருவாக்கினார். குளிப்பாட்டும்போது பாட்டி பின்னந்தலையை உள்ளங்கையில் தாங்குவாரே, அதே ஏந்தல்தான். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சாய்மானத்தில் பதிகின்றன. ஒரு வயது முடிந்த உடனே திருப்பிவிட அவசரப்படாதீர்கள். இருக்கையில் எழுதியிருக்கும் எடை, உயர அளவைத் தாண்டும்வரை பின்னோக்கியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் இந்த இருக்கையை வைப்பது, குழந்தையின் தலைக்கு நேரே வெடியை வைப்பதற்கு ஒப்பு.

வாங்கினால் போதாது, மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. பின்னோக்கிய இருக்கையில் தோள்வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. தோளருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். வார் இருக்கை சிறிதானதும் பூஸ்டர். அது குழந்தையை உயர்த்தி, பெரியவர்களின் பெல்ட் தோளின் நடுவிலும் தொடையிலும் படியும்படி செய்கிற மேடை, வேறொன்றுமில்லை. உயரம் 145 சென்டிமீட்டர் வாக்கில் வரும்வரை அது தேவைப்படும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை சன்ரூஃபுக்கு வெளியே கையசைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்தால், அந்தப் பிரிவு அச்சில் மட்டும் இருக்கிறதோ என்று தோன்றும்.

குழந்தை இருக்கை விலை அதிகம் என்பதால் தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடப்பதை வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. வாங்கலாம், அது ஒரு விபத்தையும் பார்த்ததில்லை என்று கொடுப்பவர் உறுதியாகச் சொன்னால். மோதலைத் தாங்கிய இருக்கையின் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பலமான மோதலைச் சந்தித்த பெல்ட்டுக்கும் இதே விதிதான்: இழை நீண்டிருக்கும், தண்டு முறுக்கியிருக்கும், வெடிமருந்து தீர்ந்திருக்கும். விபத்துக்குள்ளான காரை டிங்கரிங், பெயின்டிங் முடித்துப் பளபளவென்று எடுத்து வருகிறவர்கள், பெல்ட்டை மாற்றினீர்களா என்று பட்டறையில் கேட்டு, பில்லில் அந்த வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.